கயாக் கவிழ்ந்தால் மிதக்குமா? வாங்கிய முதல் வாரத்தில் பார்க்க வேண்டியவை

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு பழைய கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) வாங்கினேன். 10 அடி நீளம், ஆரஞ்சு நிற பிளாஸ்டிக், துடுப்போடு சேர்த்து மலிவாகக் கிடைத்தது. டொராண்டோவுக்குக் கிழக்கே பிக்கரிங்கில் ஃப்ரெஞ்ச்மன்ஸ் பே என்று ஒரு சிறு விரிகுடா இருக்கிறது. ஒண்டாரியோ ஏரியின் அலை உள்ளே அவ்வளவாக வராது. புதிதாகத் துடுப்புப் பிடிப்பவர்களுக்குத் தோதான இடம். ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தபோது, கூட வந்த நண்பர் "ஒரு தடவை வேண்டுமென்றே கவிழ்த்துப் பாருங்கள்" என்றார்.

கவிழ்த்தேன். நான் மிதந்தேன்; உடம்பில் லைஃப் ஜாக்கெட் இருந்தது. கயாக்கின் மூக்கு மெதுவாக உள்ளே இறங்கித் தரையில் முட்டி நின்றது. வால் பக்கம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, நட்டு வைத்த கம்பம் மாதிரி. கரை 30 மீட்டர்கூட இல்லை. ஆனாலும் அதைக் கொண்டுவந்து சேர்க்க இரண்டு பேருக்கு இருபது நிமிடம் ஆயிற்று. இதே கூத்து கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி, மே மாதக் குளிரில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு யோசித்தேன். இந்தக் கட்டுரையில் இருப்பதெல்லாம் அதற்கப்புறம் கற்றுக்கொண்டவை.

இங்கே ஒண்டாரியோவில் புதிதாக வருகிறவர்கள் பலரும் நினைப்பது, கடையில் விற்கிற படகு என்றால் கவிழ்ந்தாலும் மிதக்கிற மாதிரிதான் செய்திருப்பார்கள் என்று. அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதிகளில், 20 அடிக்குக் குறைந்த படகுகளுக்குள் மிதவைப் பொருள் வைத்தே செய்ய வேண்டும் என்று ஒரு பகுதி உண்டு. அதே பகுதியில் கனூவுக்கும் (மேலே திறந்த துடுப்புப் படகு) கயாக்குக்கும் விலக்கும் உண்டு. கனடாவில் துடுப்புப் படகில் நாம் வைத்திருக்க வேண்டிய சாமான்களுக்கு டிரான்ஸ்போர்ட் கனடா என்ற மத்தியப் போக்குவரத்துத் துறை ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. நல்ல பட்டியல்தான். ஆனால் அது ஆளைக் காப்பாற்றுவதைப் பற்றிப் பேசுகிறது. கவிழ்ந்த படகை மிதக்க வைப்பதற்கான காற்றுப்பை அதில் இல்லை. அந்த வேலை நம் தலையில்.

முதலில், உங்கள் படகு எந்த ரகம்?

நம் கடற்கரையில் கட்டுமரத்தைப் பார்த்து யாரும் இது மூழ்குமா என்று கேட்டதில்லை. லேசான மரங்களைக் கயிற்றால் பிணைத்தது அது. அலை மேலே ஏறும், இடுக்கு வழியே இறங்கிப் போய்விடும். தண்ணீர் தங்குவதற்கு 'உள்ளே' என்று ஓர் இடமே கிடையாது. (ஆங்கிலத்தில் கட்டமரான் என்கிற சொல் இங்கிருந்து போனதுதான். இப்போது அவர்கள் அந்தப் பெயரில் கூப்பிடுவது இரட்டை உடல் கொண்ட வேறொரு படகை.)

மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக் ஏறக்குறைய அந்தச் சாதி. நான்கு பக்கமும் மூடிய உடல், மேலே உட்கார ஒரு பள்ளம், பள்ளத்தில் விழும் தண்ணீர் கீழே போக ஓட்டைகள். அந்த ஓட்டைகளைப் பார்த்துப் பயந்து துணியை வைத்து அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அடைக்காதீர்கள், அவை தண்ணீர் வெளியேறும் வழி. அடைக்க வேண்டியது வேறொன்று: உடலின் உள்ளே சேரும் தண்ணீரை வடிக்க, ஓரத்தில் திருகு மூடி ஒன்று இருக்கும். வீட்டில் வடித்துவிட்டு அதைத் திருப்பிப் போட மறந்தால் கயாக் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துக்கொண்டே போகும். நடு ஏரிக்கு வந்த பிறகுதான் தெரியும். தூண்டில் தாங்கி மாட்ட வேண்டும் என்று யாராவது திருகாணி போட்டிருந்தால், அந்த இடங்களையும் பாருங்கள்.

உள்ளே உட்கார்ந்து ஓட்டும் கயாக்கில்தான் கவனம் அதிகம் வேண்டும். கையில் டார்ச் எடுத்துக்கொண்டு உட்காரும் குழிக்குள் தலையை விடுங்கள். பின்னால், இருக்கைக்கு அப்பால், குறுக்கே ஒரு தடுப்புச் சுவர் தெரிகிறதா? முன்னால், கால் வைக்கும் இடத்துக்கு அப்பால்? சுவருக்கு அப்பால் தண்ணீர் போகாது, காற்று அடைபட்டு நிற்கும். இரண்டும் இருந்தால் நல்லது. என்னுடையதில் பின்னால் மட்டும் இருந்தது. மலிவான சின்னக் கயாக்குகளில் இது சகஜம். அதனால்தான் மூக்கு இறங்கி வால் தூக்கிற்று. சிலவற்றில் இரண்டு பக்கமும் வெறும் வெளிதான்.

கனூ, மேலே திறந்த படகு. அதற்குத் தடுப்புச் சுவர் இருக்காது. அலுமினியக் கனூவில் இரண்டு முனைகளிலும் முக்கோண மூடிக்குள் ஃபோம் கட்டி வைத்திருப்பார்கள். பழைய படகு என்றால் தட்டிப் பாருங்கள், முடிந்தால் திறந்தே பாருங்கள். ஃபோம் பொடிந்து போயிருக்கலாம், எலி குடித்தனம் செய்திருக்கலாம்.

கொஞ்சம் கணக்கு

பள்ளிக்கூடத்தில் படித்த ஆர்க்கிமிடீஸ்தான், பயப்பட வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. படகுக்குள் ஒரு லிட்டர் இடத்தைக் காற்றோ ஃபோமோ பிடித்துக்கொண்டிருந்தால், அந்த ஒரு கிலோ தண்ணீர் உள்ளே வர முடியாது. அவ்வளவுதான்.

கயாக் செய்யும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் தண்ணீரைவிடச் சற்றே லேசு. அடர்த்தி சுமார் 0.95 (தண்ணீருக்கு 1). அதாவது 20 கிலோ எடையுள்ள கயாக் முழுக்க மூழ்கினால், தன்னைத் தாங்கியது போக ஒரே ஒரு கிலோவைத்தான் தாங்கும். ஒரு சின்ன இரும்பு நங்கூரத்தோடு அந்தக் கணக்கு முடிந்தது. அலுமினியம் அந்த அளவுக்குக்கூட இல்லை, அடர்த்தி 2.7. சுலபமாக 27 கிலோ கனூ என்று வைத்துக்கொள்வோம். அது விலக்குவது 10 லிட்டர் தண்ணீர். மீதி 17 கிலோ கீழே இழுக்கும். ஃபோம் இல்லாவிட்டால் நேராக அடியில்தான் போய்ப் படுக்கும். கண்ணாடியிழைப் படகும் இப்படித்தான். மரக் கனூ மட்டும் தானே மிதக்கும், ஆனால் விளிம்பு வரை நிறைந்துதான்.

படகு தொலையாமல் இருந்தால் போதுமா என்றால், போதாது. 10 அடி கயாக்கின் உள்ளே 200 லிட்டர் சுலபமாகப் பிடிக்கும். 16 அடி கனூவில் அரை டன்னுக்கு மேல். கைப் பம்பு ஒன்று நிமிடத்துக்கு 30 லிட்டர் இறைக்கும் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். அது உண்மை என்றே வைத்தாலும் 200 லிட்டருக்கு ஏறக்குறைய ஏழு நிமிடம், கை ஓயாமல்.

இந்த ஏழு நிமிடம் ஏன் முக்கியம்? மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்ந்த தண்ணீரில் தானே இறங்கி ஆராய்ந்தவர். அவர் பரப்பிய கணக்கு 1-10-1. தண்ணீரில் விழுந்ததும் மூச்சு தாறுமாறாகும், அதை அடக்க 1 நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். மே மாத நீள வார இறுதியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், சட்டையைக் கழற்றலாம் போலிருக்கும், ஏரித் தண்ணீர் மட்டும் போன குளிர்காலத்திலேயே நிற்கும். ஒண்டாரியோ ஏரியில் ஆகஸ்டில்கூட, கரையிலிருந்து அடிக்கும் காற்று மேல்தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனால் அடித்தண்ணீர் மேலே வந்துவிடும். நேற்று பிள்ளைகள் விளையாடிய இடத்தில் இன்று கால் வைக்க முடியாது. கை வேலை செய்யும் அந்தப் பத்து நிமிடத்தில் ஏழை இறைப்பதற்கே கொடுத்துவிட்டால், திரும்ப ஏறி உட்கார எப்போது?

அதே கயாக்கில் காற்றுப்பைகள் 140 லிட்டர் இடத்தைப் பிடித்திருந்தால் இறைக்க வேண்டியது 60 லிட்டர். இரண்டு நிமிடம்.

காற்றுப்பை போடுவது

காற்றுப்பை என்று இதற்கென்றே விற்கிறார்கள். பூச்சுப் பூசிய நைலானிலோ தடித்த வினைலிலோ, படகின் முனைக்கு ஏற்றாற்போலக் கூம்பி வரும். ஊத நீளமான குழாய் இருக்கும். கயாக்குக்கும் கனூவுக்கும் வேறு வேறு. அளந்து கொண்டு போய் வாங்குங்கள். கடற்கரைப் பந்தை ஊதி உள்ளே அடைக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. செய்தேன். இரண்டாவது வாரம் ஒரு திருகாணி முனை பட்டுப் பொக்கென்று போயிற்று.

பையை வெறுமையாக உள்ளே தள்ளி, மடிப்பு இல்லாமல் விரித்து, அங்கேயே வைத்து ஊத வேண்டும். வெளியே ஊதிவிட்டுத் திணித்தால் முனை வரை போகாது. படகின் சுவரில் பதிந்து நிற்கும் அளவுக்கு ஊதினால் போதும், கல் மாதிரி ஆக்க வேண்டாம். காலையில் 15 டிகிரியில் இறுக்க ஊதிய பை, மதியம் வெயிலில் காரின் மேல் 45 டிகிரிக்குப் போனால் உள்ளே காற்று 10 சதவீதம் விரியும். 60 லிட்டர் பை 66 லிட்டர் ஆகப் பார்க்கும். தையல்தான் முதலில் விடும். ஆகவே ஏற்றிக்கொண்டு போகும்போது கொஞ்சம் இறக்கிவிட்டு, கரையில் படகைத் தண்ணீரில் வைத்துக் குளிர்ந்த பிறகு இரண்டு ஊது ஊதிக்கொள்ளுங்கள்.

அப்புறம், கட்ட வேண்டும். இதைத்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். கட்டாத பை தண்ணீர் ஏறியதும் தான் மட்டும் மிதந்து வெளியே வந்துவிடும், படகை விட்டுவிட்டு. கயாக்கில் பையின் ஓரத்தில் இருக்கும் வளையத்தை இருக்கைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டலாம். முன்பக்கப் பை நழுவிக் காலுக்கு வரக் கூடாது. கால் அதில் சிக்கினால் கவிழ்ந்தபோது வெளியே வருவது கஷ்டம். கால்தாங்கிக்கு அப்பால் குறுக்கே ஒரு கயிறு போட்டுவிடுங்கள்.

கனூவில் வேலை கொஞ்சம் அதிகம். விளிம்புக்குக் கீழே இரண்டு பக்கமும் வரிசையாகத் துளை போட்டு, கயிற்றுக்கட்டில் பின்னுகிற மாதிரி இப்படியும் அப்படியுமாகக் கயிறு ஓட்ட வேண்டும். கூடவே, படகின் தரையில் ஒரு வளையம் ஒட்டி, அதிலிருந்து பையின் மேலாக நீளவாக்கில் ஒரு பட்டை. கயிறு பை மேலே எழாமல் பார்க்கும், பட்டை பை நடுப்பக்கம் வழுக்காமல் பார்க்கும். எனக்கு ஒரு சனிக்கிழமை முழுதும் போயிற்று, வீட்டில் திட்டும் கிடைத்தது.

பைக்குச் செலவு செய்ய மனம் இல்லையா? டாலர் கடையில் நீச்சல் குளத்துக்கான நீள ஃபோம் குழல் விற்கும். ஐந்தடி நீளக் குழல் ஒன்று சுமார் 4 லிட்டர் இடம் பிடிக்கும். பத்துக் குழலை இறுக்கிக் கட்டி மூக்குக்குள் தள்ளினால் 40 கிலோ தண்ணீருக்கு அங்கே இடமில்லை. ஓட்டை விழும் பயமும் இல்லை. தெர்மாகோலை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பொடிப்பொடியாக உதிர்ந்து ஏரியில் கலக்கும், பெட்ரோல் பட்டால் கரையும். மெத்தை ஸ்பாஞ்சு தண்ணீரைக் குடித்துவிடும். எந்த ஃபோமாக இருந்தாலும் ஒரு துண்டு வெட்டி, எடை பார்த்து, கல்லைக் கட்டி வாளித் தண்ணீரில் ஓர் இரவு அமுக்கி வையுங்கள். காலையில் துடைத்துவிட்டு மறுபடி எடை பாருங்கள். ஏறியிருந்தால் அது வேண்டாம்.

தடுப்புச் சுவரும் மூடியும்

தடுப்புச் சுவர் இருக்கிறது என்பதும் தண்ணீர் விடாது என்பதும் ஒன்றல்ல. பிளாஸ்டிக் கயாக்கில் பல சமயம் அது ஒட்டி வைத்த ஃபோம் பலகைதான். வருடம் போகப் போக ஓரத்தில் விடும். சுவருக்கு அப்பால் உள்ள அறையின் மேல் மூடியைத் திறந்து ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் சுவரில் மோதும்படி படகைச் சாய்த்துப் பிடித்து, உட்காரும் குழிப் பக்கம் கசிகிறதா பாருங்கள். கசிந்தால் காயவைத்து, படகுக்கென்று விற்கும் சீலன்ட் பூசினால் சரியாகிவிடும். சுவரின் நடுவில் ஊசி அளவு துளை ஒன்று தெரிந்தால் பதறி அடைக்க வேண்டாம். வெயிலில் உள்ளே காற்று விரிந்து மூடியைத் தள்ளாமல் இருக்க வேண்டுமென்றே சிலர் விடுவது அது.

மூடிக்கு ஒரு கயிறு கட்டி வையுங்கள். மூடி மிதந்து போனால் அந்த அறை மொத்தமும் ஏரிக்குச் சொந்தம். மூடி மேல் நம்பிக்கை இல்லையென்றால் அறைக்குள்ளும் ஒரு காற்றுப்பை போடலாம். முகாமுக்குப் போகிறவர்கள் தண்ணீர் புகாத பைகளில் துணிமணி அடைத்து வைத்தால் அதுவே அந்த வேலையைச் செய்யும்.

சட்டம் கேட்கும் சாமான்கள்

துடுப்புப் படகு ஓட்ட லைசென்ஸ் அட்டை வேண்டாம். சின்ன மின்மோட்டார் மாட்டினால் வேண்டும்.

படகில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் ஒன்று. மிதக்கும் கயிறு ஒன்று, 15 மீட்டருக்குக் குறையாமல். இரண்டு மூன்று துண்டை முடிச்சுப் போட்ட கயிறு செல்லாது. நைலான் கயிறு மூழ்கும், பாலிபுரொப்பிலீன்தான் மிதக்கும். தண்ணீர் இறைக்க டப்பாவோ கைப் பம்போ. டப்பா என்றால் 750 மில்லிலிட்டராவது பிடிக்க வேண்டும், வாய் 65 சதுர சென்டிமீட்டர் இருக்க வேண்டும். குளிர்காலம் முழுதும் காருக்கு ஊற்றித் தீர்த்த கண்ணாடி கழுவும் திரவக் கேன் வீட்டில் நாலைந்து கிடக்குமே, ஒன்றை நன்றாகக் கழுவி அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்டுங்கள், கைப்பிடியோடு அருமையான டப்பா. மூடியைத் திருகியே வையுங்கள். மூடிய உடலுள்ள மேல்-உட்காரும் கயாக்குக்கு இது தேவையில்லை.

ஒலி எழுப்ப ஒரு விசில். உள்ளே உருளும் சிறு குண்டு இல்லாத ரகமாக வாங்குங்கள், நனைந்தாலும் ஊதும். உலகம் முழுக்க நடுவர்கள் ஊதும் ஃபாக்ஸ் 40 விசிலை உருவாக்கியவர் இங்கே ஹாமில்டனைச் சேர்ந்த கூடைப்பந்து நடுவர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட். முக்கியமான ஆட்டத்தில் குண்டு சிக்கி விசில் ஊதாமல் போனதில் பிறந்தது அது. விசிலை ஜாக்கெட்டில் கட்டுங்கள், பையில் போடாதீர்கள். சூரியன் மறைந்த பிறகோ மூடுபனியிலோ போனால் தண்ணீர் புகாத டார்ச்.

வாடகைக்கு எடுத்தால் இதில் பலவற்றை ஒரே டப்பாவில் போட்டுத் தருவார்கள். திறந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஜாக்கெட்

80 கிலோ ஆளை இந்தச் சின்ன ஃபோம் எப்படித் தாங்கும் என்று என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது கேட்டார். தண்ணீரில் நம் உடம்பு பெரும்பாலும் தானே மிதக்கிறது. தலையை மேலே வைக்கத் தேவைப்படுவது நாலைந்து கிலோ தூக்கும் விசைதான். பெரியவர்களுக்கான ஜாக்கெட் ஏழு கிலோ தருகிறது.

கடையில் இரண்டு வகை பார்ப்பீர்கள். நினைவு தப்பினாலும் முகத்தை மேலே திருப்பக்கூடிய கனமான வகை சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறத்தில் மட்டும் வரும். துடுப்புப் போட வசதியாகக் கைப்பக்கம் வெட்டிய லேசான வகை எல்லா நிறத்திலும் கிடைக்கும். அது முகத்தைத் திருப்பும் என்று நம்ப முடியாது. உள்ளே கனடிய அனுமதி முத்திரை இருக்கிறதா பாருங்கள். கிழிந்ததைத் தைத்தாலோ வெட்டி மாற்றினாலோ அனுமதி போய்விடும். இழுத்தால் ஊதிக்கொள்ளும் வகை 16 வயது நிறைந்த, 36.3 கிலோவுக்கு மேல் உள்ளவர்களுக்குத்தான். திறந்த படகில் அதை அணிந்தே இருந்தால்தான் கணக்கில் சேரும். மற்ற ஜாக்கெட்டுகளைப் பெரியவர்கள் படகில் வைத்திருந்தாலே சட்டத்துக்குப் போதும். ஆனால் கவிழ்ந்த பிறகு தண்ணீரில் மிதந்துகொண்டு அதை மாட்டிப் பாருங்கள், புரியும். போட்டுக்கொண்டே ஓட்டுங்கள்.

எல்லாப் பட்டைகளையும் இறுக்கிவிட்டு, ஒருவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். காதைத் தொட்டால் பெரிது. பிள்ளைகளுக்கு, வளர்வார்கள் என்று ஒரு சைஸ் கூட வாங்கும் நம் பழக்கம் பள்ளிச் சட்டையோடு நிற்கட்டும். சின்னக் குழந்தைக்குக் காலிடுக்குப் பட்டை உள்ளதாகப் பாருங்கள்.

கவிழ்த்துப் பார்க்கும் நாள்

ஜூலை அல்லது ஆகஸ்ட், காற்று இல்லாத நாள், இடுப்பளவு தண்ணீர், கூட ஓர் ஆள். பைகள் எல்லாம் கட்டியபின் கவிழ்த்து, நிமிர்த்தி, படகு எப்படி நிற்கிறது என்று விலகி நின்று பாருங்கள். அணியமும் அமரமும் (மூக்கும் வாலும்) ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒரு முனை தாழ்ந்தால் அந்தப் பக்கம் இன்னும் இடம் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். உட்காரும் குழியின் விளிம்பு தண்ணீருக்கு மேலே இருக்கிறதா? விளிம்பு முங்கிக்கொண்டிருந்தால் நீங்கள் இறைக்க இறைக்க ஏரி ஊற்றிக்கொண்டே இருக்கும்; ஜென்மத்துக்கும் முடியாது. பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இறையுங்கள். எனக்கு இரண்டாவது சோதனையில் நாலு நிமிடம் ஆயிற்று; இருக்கைக்குப் பின்னால் இன்னும் சில ஃபோம் குழல்கள் சேர்த்ததும் மூன்றுக்கு இறங்கிற்று.

கூட வந்தவரும் கயாக்கில் இருந்தால், உங்கள் கயாக்கின் மூக்கை அவர் மடிக்குக் குறுக்கே இழுத்து ஏற்றித் தலைகீழாக்கி வடிக்கப் பழகுங்கள். மூக்கும் பின்பக்கமும் நிரம்பாமல் இருந்தால்தான் அது முடியும். தண்ணீர் நிறைந்த மூக்கை யாராலும் தூக்க முடியாது, நான் முயன்று தோள் பிடித்துக்கொண்டது.

குளிர்காலம்

அக்டோபரில் எடுத்து வைக்கும்போது பைகளைப் பாதி இறக்கி, நன்றாகக் காயவைத்து, கராஜில் எலி எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். மூடிகளைத் திறந்தே வையுங்கள். ஏப்ரலில் ஒரு மாலை பைகளை வரவேற்பறையில் ஊதிச் சோபாவில் போட்டுவிடுங்கள். காலையில் தொய்ந்து கிடந்தால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வரும் இடத்தில் பேனாவால் வட்டம் போட்டு, காய்ந்தபின் ஒட்டுப் போட வேண்டியதுதான்.